மாநிலம் கடந்த மணமுறிவு: முந்தியவருக்கே ஊர் என்னும் விதி

திருமணம் திருநெல்வேலியில், குடித்தனம் புணேயில். பிணக்கு முற்றி மனைவி கைக்குழந்தையோடு பிறந்த வீட்டுக்குத் திரும்பிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். விவாகரத்து வழக்கு எந்த ஊரில் நடக்கும்? யார் முதலில் மனுப் போடுகிறார் என்பதே இன்றைய சட்டத்தில் இதைப் பெரிதும் தீர்மானிக்கிறது. இது நியாயமன்று என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இந்து திருமணச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, திருமணம் நடந்த இடம், எதிர்மனுதாரர் வசிக்கும் இடம், தம்பதியர் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடம் ஆகியவற்றுள் எங்கும் மனுப் போட வழிவிடுகிறது. மனைவி மனுதாரரானால் தாம் வசிக்கும் ஊரிலேயே தாக்கல் செய்யலாம் என்ற சலுகை 2003இல் சேர்ந்தது. நல்ல திருத்தம்தான். ஆனால் கணவர் முந்திக்கொண்டு புணேயில் தாக்கல் செய்துவிட்டால் அது பெரும்பாலும் பயனற்றுப் போகிறது. பின்னர் மனைவி நெல்லையில் விவாகரத்து மனுப் போட்டாலும், 1976இல் புகுத்தப்பட்ட 21அ பிரிவின்படி அது முந்திய மனு இருக்கும் புணேக்கே மாற்றப்பட வேண்டும். இத்தனைக்கும் ஜீவனாம்ச வழக்கையும் குடும்ப வன்முறைப் புகாரையும் அவர் நெல்லையிலேயே நடத்தலாம். குழந்தையின் பாதுகாவலர் மனுவும், குழந்தை வழக்கமாக வசிக்கும் இடத்து நீதிமன்றத்துக்கே உரியது. திருமண முறிவுக்கு மட்டும் அவர் ரயிலேற வேண்டும். வாய்தாவுக்குப் போகாவிட்டால் ஒருதலைப்பட்சத் தீர்ப்பு வரும்.

பரிகாரம் இல்லாமலில்லை. அது இருக்கும் இடம்தான் சிக்கல். ஓர் உயர் நீதிமன்றம் தன் எல்லைக்கு வெளியே வழக்கை மாற்ற இயலாது என்று துர்கேஷ் சர்மா வழக்கில் (2008) உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. எஞ்சியிருப்பது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு, அதாவது உச்ச நீதிமன்றம். 21அ பிரிவு, வழக்கை மாற்றும் இந்த அதிகாரத்தைத் தடுக்காது என்று 1981இல் குடா விஜயலட்சுமி வழக்கில் முடிவாயிற்று. வழக்கை வேறு ஊருக்கு மாற்றக் கோரும் இத்தகைய மாற்று மனுக்களில் பொதுவாக மனைவியின் வசதியையே பார்க்க வேண்டும் என்று 2022இல் ஐஸ்வர்யா வழக்கிலும் அந்நீதிமன்றம் கூறியது. பெரும்பாலும் இன்ன உத்தரவுதான் வரும் என்று தெரிந்த ஒன்றுக்காக, புணேக்குப் போக வசதியில்லாத பெண்ணை டெல்லியில் வக்கீல் வைக்கச் சொல்வதில் என்ன தர்க்கம் இருக்கிறது? உச்ச நீதிமன்றத்துக்கும் இது சுமைதான்: ஒவ்வொரு அமர்வும் நாள்தோறும் பத்து மாற்று மனுக்களை விசாரிக்க வேண்டும் என்று 2022 நவம்பரில் முடிவெடுக்க வேண்டிவந்தது.

மாற்று மனுக்களில் மனைவிக்குக் காட்டப்படும் இந்தச் சலுகை தவறாகப் பயன்படுகிறது என்ற எதிர்வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. அனிந்திதா தாஸ் வழக்கில் (2006) உச்ச நீதிமன்றமே அதைச் சுட்டிக்காட்டியது. மனைவியின் ஊரிலேயே வழக்கு என்று விதித்தாலும், நோயுற்ற கணவருக்கும், பிள்ளைகளைத் தனியே வளர்க்கும் கணவருக்கும் விலக்கு வேண்டும். அதைக் கேட்டு நிரூபிக்கும் பொறுப்பு அவருடையதாக இருக்கட்டும். காணொலி விசாரணை போதுமே என்பாரும் உண்டு. சமரச முயற்சி நடக்கும் கட்டத்தில் அது கூடாது என்று 2017இல் சாந்தினி வழக்கின் பெரும்பான்மைத் தீர்ப்பு சொன்னது. கசந்துபோன இருவரை ஒரே அறையில் உட்காரவைத்துப் பேசுவதன் மதிப்பை நானும் மறுக்கவில்லை. ஆனால் அந்த அறை எந்த ஊரில் இருக்க வேண்டும் என்ற கேள்வி அப்படியேதான் நிற்கிறது.

பரஸ்பர சம்மத விவாகரத்தில் இருவரும் பேசி ஓர் ஊரை முடிவுசெய்துகொள்ளலாம். அங்கே சட்டம் தலையிட வேண்டியதில்லை. மற்ற வழக்குகளில், கணவர் மனுதாரராக இருந்தால் மனைவி வசிக்கும் ஊரிலேயே தாக்கல் செய்ய வேண்டும் என 19ஆம் பிரிவை நாடாளுமன்றம் திருத்த வேண்டும். சிறப்புத் திருமணச் சட்டத்தின் 31ஆம் பிரிவுக்கும் இதே திருத்தம் தேவை.