கொழும்பில் வாடகை வீடும் சட்டமும்

வாடகை வீடு ஒன்றிலே இருவருக்கு உரிமை உண்டு. ஒருவர் அதனைக் கட்டியவர் அல்லது வாங்கியவர். மற்றவர் அதில் வாழ்பவர். இவ்விருவருள் யாருடைய உரிமை மேலோங்க வேண்டும் என்னும் வினாவுக்கு 1942 முதல் 1980 வரை இலங்கையின் சட்டவாக்கம் அளித்த விடைகள் கொழும்பு நகரின் வீட்டுச் சந்தையைப் பெரிதும் உருமாற்றின எனலாம்.

வாடகைக் கட்டுப்பாடு 1942இல் போர்க்கால ஏற்பாடாகவே தோன்றியது. போர் முடிந்தது, கட்டுப்பாடு முடியவில்லை. 1948ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கச் சட்டம், 1941 நவம்பரில் நடைமுறையிலிருந்த ஆண்டுப் பெறுமதியையே வாடகைக்கு அடிப்படையாகக் கொண்டது. பின்னர் வந்த 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் அவ்வடிப்படையை 1968 சனவரிக்கு நகர்த்தியது. குடியிருந்தவர் இறப்பின், அவருடன் வாழ்ந்த குடும்பத்தவர் அக்குடியுரிமையைத் தொடரவும் அது வழிசெய்தது.

இச்சட்டத்தின் 22ஆம் பிரிவு தனித்து நோக்கற்பாலது. வீடொன்றினைக் குடியிருப்பாளர் குடிபுகுந்த பின்னர் விலைக்கு வாங்கிய ஒருவர், தமக்கு அவ்வீடு தேவை என்று காட்டி அவரை எழுப்ப வழக்கிட முடியாது. இதன் விளைவு நீதிமன்றத்துடன் நின்றுவிடவில்லை. ஒரே தெருவில், ஒரே அளவான இரு வீடுகளுக்கு இருவேறு விலைகள் உண்டாயின: ஆளில்லா வீட்டுக்கு ஒன்று, ஆளிருக்கும் வீட்டுக்கு மற்றொன்று. இரண்டாவது வகை வீட்டை நல்ல விலைக்குக் கொள்ளக்கூடியவர் பெரும்பாலும் அதிற் குடியிருந்தவரே. விற்பவர் அவரிடமே செல்ல நேர்ந்தது; பேரத்தில் வலிமை யார் பக்கம் இருந்தது என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

வீடமைப்பு அமைச்சர் பீற்றர் கெனமனின் காலத்தில், 1973இல் வந்த வீட்டுச் சொத்து உச்சவரம்புச் சட்டம் இன்னும் ஒருபடி சென்றது. தனியாளுக்கு இரண்டு வீடுகள். குடும்பத்துக்குத் தங்கிவாழும் பிள்ளைகளின் தொகையுடன் இரண்டு. மிகையான வீட்டைக் குடியிருப்பாளர் வாங்க வாய்ப்பளிக்கப்பட்டது. எஞ்சியவை தேசிய வீடமைப்பு ஆணையாளரிடம் சேர்ந்தன. வாழ்நாள் முழுவதும் வாடகை செலுத்தியவர் வீட்டுக்காரரானது சிறிய மாற்றமன்று. தெருமுழுதும் வீடு வைத்திருந்த செல்வரையும், ஒற்றை வீட்டு வாடகையில் வாழ்ந்த விதவையையும் வாடகைச் சட்டம் ஒரே தராசில் நிறுத்தது என்பதும் மறைக்கத்தக்கதன்று.

எனினும் மூன்றாமவர் ஒருவர் இருந்தார். இடமாற்றம் பெற்று யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ கொழும்புக்கு வந்த எழுதுவினைஞர், இன்னும் எந்த வீட்டிலும் குடியேறாதவர். உள்ளிருந்தவரைக் காத்த சட்டம் இவரைப்பற்றி ஒன்றும் கூறவில்லை. வாடகைக்கென வீடு கட்டுவதில் ஊதியம் குன்றியது. கட்டியிருந்தவரும் கொடுக்கத் தயங்கினர். மூன்று மாத வாடகைக்கு மேல் முற்பணம் பெறலாகாது என்றிருந்தும், பற்றுச்சீட்டில் ஏறாத பணம் கைமாறியது. குடும்பத்தை ஊரில் விட்டு, வெள்ளவத்தையில் ஓர் அறையையோ, பலர் கூடி வாழ்ந்த 'சமறி'யையோ நாடியோர் பலர்.

1980ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம், அப்போது உரிமையாளர் குடியிருந்து பின்னர் வாடகைக்கு விடும் வீடுகளைக் கட்டுப்பாட்டினின்று விலக்கியது. உச்சவரம்புச் சட்டம் வந்த அதே 1973இல், அடுக்குமாடியின் ஒரு பகுதிக்குத் தனி உறுதி எழுத வழிவகுத்த மாடிமனை உடைமைச் சட்டமும் நிறைவேறியிருந்தது. அன்று அதனைப் பொருட்படுத்தியோர் சிலரே. 1990களில், போரினால் இடம்பெயர்ந்த குடும்பங்கள் வெளிநாட்டு உறவினர் அனுப்பிய பணத்துடன் வெள்ளவத்தைக்கு வந்தபோது, பழைய வளவுகள் இடிந்து மாடிகள் எழுந்தன. அவற்றின் உறுதிகள் அச்சட்டத்தின்கீழ் எழுதப்பட்டன.