மலையே மதில்

கண்டி மாநகரைக் காண வரும் அன்பர்கள் தலதா மாளிகையையும் ஏரியையும் பார்த்துத் திரும்பிவிடுகின்றனர். ஒரு பகற்பொழுதை ஒதுக்கிக் கடுகண்ணாவைக் கணவாயருகே பலனைக் குன்றின்மேல் ஏறுவோர் சிலரே. 'பலன' என்னும் சிங்களச் சொல்லுக்குப் 'பார்க்கின்ற' என்பது பொருள். கொழும்பிலிருந்து வரும் பகைவரைப் பார்த்திருந்த காவலிடம் அது. இன்று சிதைந்த கற்சுவர்களே எஞ்சியுள்ளன.

ஆனால், நேயர்களே, கண்டியரசின் உண்மையான அரண் கல்லன்று; அகன்ற சாலை இல்லாமையே! ஒற்றையடிப் பாதைகளும், அவற்றை அடைத்த முள்வாயில்களுமே அந்நாட்டைக் காத்தன. 1660 முதல் 1679 வரை அங்கே சிறையிருந்த ரொபர்ட் நொக்ஸ் அவ்வாயில்களைப் பற்றி எழுதியிருக்கிறார்.

1638 மார்ச்சில் தியோகு தெ மெலோ என்னும் போர்த்துக்கீசத் தளபதி கண்டிக்குள் நுழைந்தான். இரண்டாம் இராஜசிங்கன் நகரை முன்னரே காலிசெய்திருந்தான். வெற்று நகருக்குத் தீயிட்டுத் திரும்பிய படையைப் பேராதனைக்கு அணித்தான கன்னொறுவையில், மகாவலிக் கரையோரம், கண்டிப்படை வளைத்துக்கொண்டது. தளபதி மாண்டான், தப்பியோர் மிகச் சிலர். ஓமான் நாட்டு மஸ்கட்டில் ஜலாலி, மிரானி என்னும் வலிய கோட்டைகளைக் கட்டியவரும் இதே போர்த்துக்கீசரே. அவற்றையும் 1650 இல் அவர்கள் அராபியரிடம் இழந்தனர்.

1815 இல் கண்டி வீழ்ந்தது. பிரதானிகளின் பிளவே அதற்கு வழிதிறந்தது. நாயக்கர் மரபினனான கடைசி மன்னன் வேலூரில் 1832 இல் மறைந்தான். ஆங்கிலேயரோ உடனே சாலை போடத் தலைப்பட்டனர். பாடத்தைச் செவ்வனே கற்றவர்கள்! அச்சாலையை அமைத்த கப்டன் தோசனின் நினைவுக்கோபுரம் கடுகண்ணாவையில் இன்றும் நிற்கின்றது. பலனைக்குச் செல்வோர் அதனையும் கண்டு வரலாம்.