யமுனையின் கிழக்குக்கரையும் உத்திரமேரூர்ச் சுவரும்

குடமுழுக்கு மலருக்கு நம் வட்டாரத்தின் வரலாறும் நகராட்சிப் பணிகளும் பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று விழாக் குழுவினர் கேட்டார்கள். பெரியவர்கள் இட்ட பணி. தட்ட மனம் வரவில்லை. மயூர் விஹாரில் நம்மவர் குடியேறிய கதையும் கோயில் எழும்பிய கதையும் எல்லோரும் அறிந்தவை. அதற்கு முந்தியதைச் சொல்கிறேன்.

டில்லிக்காரர் ‘ஜமுனா பார்’ (யமுனைக்கு அப்பால்) என்று சற்று இளப்பமாகச் சொல்லும் இந்தக் கிழக்குக் கரையில், முகலாயர் காலத்திலேயே ஷாதராவும் பட்பட்கஞ்சும் தானியச் சந்தைகளாக விளங்கின. 1803 செப்டம்பர் 11-இல் பட்பட்கஞ்ச் அருகே சிந்தியாவின் படையைக் கும்பினித் தளபதி லேக் முறியடித்த பிறகே டில்லி ஆங்கிலேயர் கைக்குப் போனது. டில்லி நகராட்சி பிறந்தது 1863-இல். ஷாதராவுக்கெனத் தனி நகராட்சி இருந்தது. 1958 ஏப்ரல் 7-இல் மாநகராட்சி உருவானபோது அதுவும் அதில் கரைந்தது. முதல் மேயர் அருணா ஆசஃப் அலி. 2012-இல் மாநகராட்சி மூன்றாகப் பிரிய, கிழக்குக்கரை பத்தாண்டுக் காலம் தனிக்குடித்தனம் நடத்தியது. 2022 மே 22-இல் மீண்டும் ஒன்றானது.

இந்தப் பிரிவும் சேர்வும் நினைவுக்கு வரும்போதெல்லாம், ஊரை நன்றாக ஆள்வது எப்படி என்று எண்ணி என் மனம் காஞ்சிக்குத் தெற்கே உள்ள உத்திரமேரூருக்குப் போய்விடுகிறது. வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் முதற் பராந்தக சோழனின் 12, 14-ஆம் ஆட்சியாண்டுகளுக்குரிய, அதாவது 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் உள்ளன. அவை சொல்லும் குடஓலை முறை, அதாவது ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு (குழுக்களுக்கு) ஆள் தேர்ந்த முறை, பள்ளிப் பாடத்தில் படித்ததுதான். ஆனால் அதன் நுணுக்கத்தைப் பாருங்கள். ஊர் 30 குடும்புகளாக, அதாவது வார்டுகளாகப் பிரிந்திருந்தது. ஒவ்வொன்றிலும் தகுதியுள்ளோர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இடுகிறார்கள். நம்பிமாரில், அதாவது கோயில் அர்ச்சகர்களில், மூத்தவர் குடத்தை எல்லோரும் காணத் தூக்கி நிற்கிறார். விவரம் அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுக்கிறான். அதை வாங்கும் மத்தியஸ்தர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டுமாம்! விரலிடுக்கில் வேறோர் ஓலை ஒளிந்திருக்கக் கூடாதல்லவா? நம் முன்னோர் மனிதர்களை நன்றாக அறிந்திருந்தார்கள்.

தகுதியும் எளிதன்று. வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல், சொந்த மனையில் வீடு, வயது 35-க்கு மேல், 70-க்குள், வேதப் பயிற்சி. இன்றைய கண்ணுக்கு இதில் குறை தெரியும். அது பிராமணச் சபை, பெண்களுக்கு அங்கே இடமில்லை. எனினும் ஒரு விதியை இன்றும் யாரும் குறை சொல்ல முடியாது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவன் மீண்டும் நிற்க முடியாது. அவன் மட்டுமல்ல, நெருங்கிய உறவினரும் முடியாது. இறைமாட்சி அதிகாரத்தில் வள்ளுவர் பொருளை ஈட்டுவதோடு நிறுத்தாமல் முறையாகப் பகிர்ந்தளிப்பதையும் அரசின் கடமையாக்கியதை இதோடு சேர்த்து எண்ணிப் பார்க்கலாம்.

கிழக்கு டில்லி மாநகராட்சி தள்ளாடியதும் கணக்கில்தான். தெற்கு டில்லி மாநகராட்சிக்குப் பணக்காரக் குடியிருப்புகளின் வீட்டு வரி கிடைத்தது. நம் பக்கம் அங்கீகாரமற்ற காலனிகளே மிகுதி. துப்புரவுப் பணியாளர்களுக்குச் சம்பளம் தவறியது, வேலைநிறுத்தம் வந்தது, குப்பை தெருவில் குவிந்தது. 1984 முதல் வளர்ந்த காஜிப்பூர் குப்பைமலை 2017 செப்டம்பர் 1-இல் சரிந்து இருவரைப் பலிகொண்டது.

குறை சொல்லிக்கொண்டே போக மாட்டேன். நமக்கு ஒரு பேறும் உண்டு. யமுனைக் கரையில் வாழும் நமக்குக் குழாயில் வருவது பெரும்பாலும் கங்கை நீர். ஹரித்வாரில் பிரியும் மேல்கங்கைக் கால்வாய் 1854-இல் திறக்கப்பட்டது. அதிலிருந்து முராத்நகரில் எடுக்கும் நீர் பாகீரதி, சோனியா விஹார் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு வருகிறது. சோனியா விஹாரின் திறன் நாளொன்றுக்கு 14 கோடி காலன். பகீரதன் தவம் டில்லி ஜல் போர்டின் குழாய் வழி நம் பூஜை அறைச் செம்பு வரை வந்திருப்பது ஈசன் அருள் என்றே கொள்கிறேன்.

இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிறப்பு, இறப்புச் சான்று, ஆரம்பப் பள்ளி, பூங்கா, குப்பை எல்லாம் மாநகராட்சியின் பொறுப்பு. குடிநீர் அதன் பொறுப்பில் இல்லை. எதற்கு யாரிடம் போவது என்று அறிந்து போங்கள். வீட்டு வரியை நிலுவை வைக்காதீர்கள். 2022 டிசம்பர் 4-இல் 250 வார்டுகளுக்கு நடந்த தேர்தலில் ஏறத்தாழ பாதிப் பேரே வாக்களித்தனர். அடுத்த தேர்தலுக்கு முன் உங்கள் வார்டு எது, கவுன்சிலர் யார் என்று தெரிந்துகொண்டு, அவரிடம் கணக்குக் கேளுங்கள்.