கூரைக்குக் கீழே ஒரு வளைவு

நிலக்கோட்டையில் வெயில் ஏறுவதற்குள் முடித்தாக வேண்டிய வேலைகள் இரண்டு. ஒன்று, மல்லிகைப் பூ வியாபாரம். இன்னொன்று, ஓட்டப் பயிற்சி. காலை ஐந்தரைக்கு மைதானத்தில் இறங்குகிற பையன் எட்டு மணிக்கெல்லாம் மூட்டை கட்டியாக வேண்டும். சித்திரை, வைகாசி என்றால் ஏழரைக்கே. அப்புறம் சாயங்காலம் வரைக்கும் மண்ணில் கால் வைக்க முடியாது. சரி, வெயில் தணிந்தது என்று பார்த்தால் ஆடிக் காற்று. அது போனால் ஐப்பசி மழை.

இந்தப் பையனிடம் போய், "தம்பி, கூரை போட்ட மண்டபத்துக்குள் ஓட்டப் பந்தயம் என்று ஒன்று இருக்கிறது. அதற்குத் தனி உலக சாம்பியன்ஷிப், தனி ரெக்கார்டு எல்லாம் உண்டு" என்று சொல்லிப் பாருங்கள். சிரிப்பான். இவ்வளவு பெரிய ஆகாயத்தை விட்டுவிட்டு மண்டபத்துக்குள் எதற்கு ஓட வேண்டும்?

நியாயமான கேள்வி. பதில், ஒரே சொல். பனி.

1868 நவம்பர் 11. நியூயார்க் அத்லெடிக் கிளப் தன் முதல் போட்டியை நடத்தியது ஒரு ஸ்கேட்டிங் மண்டபத்துக்குள். வெளியே குளிர் தொடங்கியிருந்தது. குளிர்காலம் முழுக்க கை கட்டி உட்கார்ந்திருந்தால் உடம்பு துருப்பிடித்துவிடும் அல்லவா? அங்கே ஆரம்பித்த கதை, இருபதாம் நூற்றாண்டில் மாடிசன் ஸ்கொயர் கார்டனுக்குள் புகுந்தது. குத்துச்சண்டையும் சர்க்கஸும் நடக்கிற அதே இடம். போட்டி வந்தால் மரப் பலகைகளை இறக்கி வட்டமாகப் பூட்டுவார்கள். முடிந்ததும் கழற்றி அடுக்கிவிடுவார்கள். நம்மூர் கல்யாணப் பந்தல் மாதிரிதான். அந்தப் பலகை வட்டம் ரொம்பச் சின்னது. ஒரு மைல் ஓட பதினோரு சுற்று! மில்ரோஸ் கேம்ஸ் என்கிற பிரபலமான போட்டி 1914 முதல் 2011 வரை அங்கேதான் நடந்தது.

பிற்பாடு சர்வதேச சம்மேளனம் எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தியது. சுற்று 200 மீட்டர். நூறு மீட்டர் ஓட்டம் கிடையாது, அதற்குப் பதில் 60 மீட்டர். 1985-ல் பாரிஸில் உலக உள்ளரங்கப் போட்டிகள். 1987-ல் இண்டியானபோலிஸில் முதல் முறையாக 'சாம்பியன்ஷிப்' என்ற பெயரோடு.

இதில் முக்கியமான சமாசாரம், வளைவு. 400 மீட்டர் மைதானத்தில் வளைவு சாவகாசமாகத் திரும்பும். அதையே பாதியாகச் சுருக்கினால்? வேகமாக வருகிறவனை வெளியே தூக்கி எறியும். கொண்டை ஊசி வளைவில் பஸ் திரும்பும்போது நீங்கள் பக்கத்து சீட்டுக்காரர் மேல் சாய்கிறீர்களே, அதே கணக்கு. அதனால் வளைவில் மட்டும் தரையைச் சாய்த்துக் கட்டுவார்கள், சுமார் பத்து டிகிரி. அப்படியும் உள் லேனில் ஓடுகிறவனுக்குக் கஷ்டம்தான். 2004-க்குப் பிறகு உலக உள்ளரங்கப் போட்டியிலிருந்து 200 மீட்டர் ஓட்டத்தையே எடுத்துவிட்டார்கள். எந்த லேன் சீட்டு விழுகிறதோ அதுதான் பாதி முடிவு என்றால் அது பந்தயமா, லாட்டரியா?

பனிக்குப் பயந்து பிறந்தது என்றால், பனியே இல்லாத ஊருக்கு இது எதற்கு?

இதற்கு கத்தாரிடம் பதில் இருக்கிறது. 2006 ஆசிய விளையாட்டுக்குத் தயாரானபோது தோஹாவில் ஆஸ்பயர் டோம் என்று பிரம்மாண்டமான கூரை ஒன்றை எழுப்பினார்கள். 2010 மார்ச்சில் உலக உள்ளரங்க சாம்பியன்ஷிப்பே அங்கே நடந்தது. நியூயார்க்காரன் குளிருக்குக் கட்டினான். கத்தார்க்காரன் வெயிலுக்குக் கட்டினான். கூரை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் தோஹாவே காட்டியது. 2019 செப்டம்பரில் உலக சாம்பியன்ஷிப். பெண்கள் மாரத்தானை வெயிலுக்குப் பயந்து நள்ளிரவில் ஆரம்பித்தார்கள். அப்போதும் 30 டிகிரிக்கு மேல் புழுக்கம். 68 பேர் ஓடத் தொடங்கி, 28 பேர் பாதியில் நின்றுபோனார்கள். பனி இல்லாத தாய்லாந்தும் சும்மா இருக்கவில்லை. 2006-லேயே பட்டாயாவில் ஆசிய உள்ளரங்க சாம்பியன்ஷிப்பை நடத்திவிட்டது.

நாம்? நமக்கு 'இண்டோர் ஸ்டேடியம்' என்றால் ஷட்டில், பாஸ்கெட்பால், வாலிபால். 1982 ஆசிய விளையாட்டுக்காக டெல்லியில் பெரிய உள்ளரங்கம் கட்டினோம். 1995-ல் தெற்காசிய விளையாட்டை ஒட்டி சென்னையில் நேரு உள்விளையாட்டரங்கம். ஏ.சி. வசதியோடு அமர்க்களமான அரங்கம். சினிமா விழாக்களுக்கு ரொம்பத் தோது. இரண்டும் தடகளத்துக்காகக் கட்டப்பட்டவை அல்ல.

இந்தப் பின்னணியில்தான் 2023 பிப்ரவரியைப் பார்க்க வேண்டும். கஜகஸ்தானின் அஸ்தானா. பூஜ்யத்துக்குக் கீழே பத்து, பதினைந்து டிகிரி என்பது அங்கே அந்த மாதத்தில் சாதாரணம். ஆசிய உள்ளரங்க சாம்பியன்ஷிப்புக்கு இந்திய அணி போனது. எட்டுப் பதக்கம். குண்டு எறிதலில் தஜிந்தர்பால் சிங் தூருக்குத் தங்கம். மீதி ஆறு வெள்ளி, ஒரு வெண்கலம்.

அந்த எட்டில் நாலு, தமிழ்நாடு! நீளம் தாண்டுதலில் தூத்துக்குடி மாவட்டத்து ஜெஸ்வின் ஆல்ட்ரின் 7.97 மீட்டர், வெள்ளி. மும்முறை தாண்டுதலில் பிரவீண் சித்திரவேல் 16.98, வெள்ளி. கோலூன்றித் தாண்டுதலில் பவித்ரா வெங்கடேஷ் வெள்ளி, ரோஸி மீனா பால்ராஜ் வெண்கலம். தமிழ்நாட்டில் அப்போது ஒரு உள்ளரங்க டிராக்கூடக் கிடையாது.

பேப்பரில் படித்தவர்கள் 'ஆஹா' என்றார்கள். அந்த 'ஆஹா'வோடு நிறுத்தியிருந்தால் விஷயம் பிடிபடாது. நாலு பேரும் எதில் ஜெயித்தார்கள்? தாண்டுதலில். தாண்டுகிறவருக்கு நேராக ஒரு நாற்பது மீட்டர் ஓடுபாதை, எதிரே ஒரு மணல் குழி அல்லது மெத்தை. கூரை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது மாறுவதில்லை. பார்க்கப் போனால் உள்ளே சௌகரியம், காற்று கிடையாது. திறந்தவெளியில் பின்காற்று நொடிக்கு இரண்டு மீட்டரைத் தாண்டினால் நீளம் தாண்டுதல் ரெக்கார்டு செல்லாது. அம்மியையே பறக்க வைக்கிற நம் ஆடிக் காற்றில் எத்தனை தாண்டல் கணக்கில் சேரும், யோசித்துக்கொள்ளுங்கள்.

மற்ற நாலு பதக்கம்? குண்டு எறிதலில் இரண்டு. ஜோதி யாராஜியின் 60 மீட்டர் தடை ஓட்டம், நேர்க்கோடு. ஸ்வப்னா பர்மனின் பென்டத்லான், ஐந்து போட்டிகள் சேர்ந்தது. அதில் கடைசியாக வருகிற 800 மீட்டர் ஒன்றுதான் வளைவில் ஓடுவது. ஆக, எட்டுப் பதக்கத்தில் அந்தச் சாய்ந்த வளைவை மிதித்தது ஒரே ஒரு பதக்கம்! திறமை இல்லாமல் அல்ல, ஓடிப் பழக வளைவு இல்லாமல்.

அடுத்த வருஷம், 2024 பிப்ரவரி, டெஹ்ரான். 1500 மீட்டரில் ஹர்மிலன் பெயின்ஸ் தங்கம் வாங்கினார், வளைவில்தான். 3000 மீட்டரில் குல்வீர் சிங் முதலில் வந்தார். வந்து? தடம் மீறினார் என்று தகுதி நீக்கம் செய்தார்கள். தங்கம் போயிற்று.

குல்வீர் அதோடு விடவில்லை. 2025 பிப்ரவரியில் அமெரிக்காவின் பாஸ்டனில், அதே 200 மீட்டர் சாய்ந்த டிராக்கில் 5000 மீட்டர் ஓடினார். 25 சுற்று, 50 வளைவு. 12 நிமிடம் 59.77 விநாடி. பதின்மூன்று நிமிடத்துக்குள் அந்தத் தூரத்தை ஓடிய முதல் இந்தியர். நல்ல சேதிதான். ஆனால் அதற்கு பாஸ்டன் வரைக்கும் போக வேண்டியிருந்ததே.

இப்போது நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. 2024-ல் புவனேஸ்வரம் கலிங்கா ஸ்டேடியத்தில் நாட்டின் முதல் உள்ளரங்கத் தடகள மையம் திறக்கப்பட்டது. கவனியுங்கள், ஒடிசாவும் பனி பெய்கிற ஊரல்ல. நம்மைப்போல வெயிலும் புயலும் பார்க்கிற கடற்கரை மாநிலம்.

நான் படித்தது பி.காம். ஒரு சொத்து வருஷத்தில் எத்தனை நாள் உபயோகப்படும் என்று கேட்காமல் இருக்க முடியாது. பனி தேசத்தில் இந்தக் கூரைக்கு அவசியமான வேலை நாலைந்து மாதம். நம் பக்கத்தில் மதியப் பொழுது பூராவும், கூடவே மழை மாதங்களும். மதியம் மூன்று மணிக்கு பி.டி. பீரியடு வருகிற வகுப்புப் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள், கணக்கு சொல்வார்கள். பனியில்லாத ஊருக்குக் கூரை ஆடம்பரம் என்கிற வாதம் இந்த இடத்தில் தலைகீழாகிறது.

அதற்காக ஒவ்வொரு தாலுகாவிலும் 200 மீட்டர் சுற்று கட்டச் சொல்லவில்லை. அதற்குக் கிட்டத்தட்ட ஒரு கால்பந்து மைதான அளவுக்கு நடுவில் தூணில்லாத கூரை வேண்டும். செலவு பயமுறுத்தும். மாநிலத்துக்கு ஒன்று, மதுரை மாதிரி ஓர் ஊரில் இருந்தால் தென் மாவட்டங்களுக்குப் போதும். நிலக்கோட்டை அளவுள்ள ஊருக்கு எண்பது மீட்டர் நீளம், பத்து மீட்டர் அகலத்தில் ஒரு தகரக் கொட்டகை. பக்கச் சுவர்கூட வேண்டாம். உள்ளே அறுபது மீட்டர் நேர்க்கோடு, ஓரத்தில் ஒரு மணல் குழி. அஸ்தானாவில் தாண்டிய நாலு பேருடைய போட்டிகளுக்கும் ஓடுபாதை அந்த நீளத்துக்குள் அடங்கிவிடும்.

வளைவு பழக வேண்டிய பையன் மட்டும், இன்றைய தேதியில் கொடைரோடு ஸ்டேஷனில் ரயிலேறி, சென்னையில் மாறி, புவனேஸ்வரம் போய் இறங்க வேண்டும். 1,600 கிலோமீட்டருக்கும் மேல்.