புழுங்கலரிசியும் நெஞ்சுப் படபடப்பும்

மலாயாவின் ஜெராம் வட்டாரத் தோட்டங்களில் அந்தக் காலத்தில் நெஞ்சு படபடத்தால், அதை வீண்பயம் என்று தள்ளிவிட முடியாது. மலேரியாவும் கொக்கிப்புழுவும் ரத்தத்தை வற்றவைத்தன. கண்ணிமையைக் கீழே இழுத்தால் உள்ளே வெளுத்திருக்கும். நாலு எட்டு வைத்தாலே இதயம் அடித்துக்கொள்ளும். இதயத்தைத் தாக்கும் பெரிபெரி நோய் மட்டும் தோட்டத் தமிழரை அதிகம் அண்டவில்லை. காரணம், புழுங்கலரிசி! 1905-06இல் கோலாலம்பூர் மனநல விடுதியில் டாக்டர் ஃபிளெட்சர் நடத்திய சோதனையில், அதை உண்டவர்கள் எவருக்கும் அந்நோய் புதிதாக வரவில்லை.

இதயநோய் இல்லாத படபடப்பும் உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போர் வீரர்களை ஆராய்ந்து 1871இல் அதை எழுதிவைத்தவர் மருத்துவர் டா கோஸ்டா.

இசிஜி சரி என்ற பிறகும் இன்று பலர் நாடியைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறார்கள். பயம் கூடக்கூட நாடியும் வேகமெடுக்கும். அந்தப் பழக்கத்தைக் குறையுங்கள். ஆனால் புதிதாக நெஞ்சுவலியோ மயக்கமோ வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.