பட்டாசுக் கழிவும் ஆண்களின் கருவளமும்

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களில் பட்டாசு, தீப்பெட்டி, அச்சுத் தொழில்கள் பல குடும்பங்களின் வாழ்வாதாரமாக உள்ளன. இத்தொழில்களின் கழிவும் வீட்டுக் குப்பையும் முறையாக அகற்றப்படாவிட்டால், அவற்றிலுள்ள சில வேதிப்பொருள்கள் ஹார்மோன் சமநிலையைக் குலைத்து ஆண்களின் கருவளத்தைப் பாதிக்கக்கூடும்.

பாதிப்பு எவ்வாறு ஏற்படுகிறது?

மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் ஹார்மோன்களே விரைகளை இயக்குகின்றன. அதன்பின் விரைகள் டெஸ்டோஸ்டிரோனையும் விந்தணுக்களையும் உருவாக்குகின்றன. சில மாசுகள் ஹார்மோனைப் போல நடிக்கும். சில அதன் உற்பத்தியைக் குறைக்கும்.

முக்கிய மாசுகள்

• பெர்குளோரேட்: பட்டாசு மருந்தில் சேர்க்கப்படும் உப்பு; நீரில் எளிதில் கரையும். தென்னிந்தியப் பட்டாசு உற்பத்திப் பகுதியின் நிலத்தடி நீரில் இது மிகுதியாக இருப்பதை 2013-இல் வெளியான ஆய்வு பதிவு செய்தது. தைராய்டு சுரப்பி அயோடினை ஏற்பதை இது தடுக்கிறது. தைராய்டு ஹார்மோன் குறைந்தால் விந்தணுக்களின் தரமும் பாலுணர்வும் குறையலாம்.

• ஈயம்: விரைகளையும் பிட்யூட்டரி சுரப்பியையும் பாதித்து விந்தணு எண்ணிக்கையைக் குறைக்கும். ஈயம், பாதரசம், ஆர்செனிக், ஆன்டிமனி, லித்தியம் ஆகியவற்றைப் பட்டாசில் பயன்படுத்த உச்ச நீதிமன்றம் 2017 ஜூலையில் தடை விதித்தது. பழைய மின்கலங்கள், பழைய வண்ணப்பூச்சு ஆகியவற்றிலும் ஈயம் உண்டு.

• பிளாஸ்டிக் சேர்மங்கள்: தாலேட் டெஸ்டோஸ்டிரோனைக் குறைக்கும். பிஸ்பீனால்-ஏ பெண்பால் ஹார்மோனைப் போலச் செயல்படும். பி.வி.சி. பிளாஸ்டிக்கை எரித்தால் டையாக்சின் உண்டாகி, மண்ணில் படிந்து, பால், முட்டை, இறைச்சி வழியாக உடலில் சேரும்.

தற்காப்பு வழிகள்

• வேலை முடிந்ததும், உண்பதற்கு முன்பும் சோப்பிட்டுக் கைகழுவுங்கள். வேலை உடையைத் தனியாகத் துவையுங்கள்.
• மீந்த மருந்தைக் கிணறு, கண்மாய், ஓடை அருகே கொட்டாதீர்கள், வீட்டிற்கும் எடுத்துவராதீர்கள். அது தீவிபத்துக்கும் வழிவகுக்கும்.
• குப்பையை எரிக்காமல், தரம் பிரித்துத் தூய்மைப் பணியாளர்களிடம் ஒப்படையுங்கள்.
• ஆலைகளுக்கு அருகிலுள்ள கிணற்று நீரைக் குடிக்காதீர்கள். கொதிக்கவைப்பதால் பெர்குளோரேட் நீங்காது, ஆர்.ஓ. சுத்திகரிப்பு அதைப் பெருமளவு நீக்கும்.
• அயோடின் கலந்த உப்பைப் பயன்படுத்துங்கள். சூடான உணவைப் பிளாஸ்டிக் பையில் வாங்காதீர்கள்.

மருத்துவரை எப்போது அணுக வேண்டும்?

கருத்தடையின்றி 12 மாதங்கள் இணைந்து வாழ்ந்தும் கருத்தரிக்காவிட்டால் கணவன், மனைவி இருவரும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். மனைவிக்கு 35 வயதைக் கடந்திருந்தால் 6 மாதங்கள் போதும். மனைவியை மட்டும் பரிசோதனைக்கு அனுப்புவது சிகிச்சையைத் தாமதப்படுத்தும். குறை யாரிடம் என்ற பழிக்கும் இடம்தரும்.

விந்துப் பரிசோதனைக்கு முன் 2 முதல் 7 நாட்கள் உடலுறவைத் தவிர்க்க வேண்டும். ஒரு முடிவு குறைவாக வந்தால் மனம் தளர வேண்டாம். பரிசோதனையை மீண்டும் செய்ய வேண்டும். விரை நரம்புச் சுருட்டல், நோய்த்தொற்று, நீரிழிவு, புகையிலை, மது ஆகியவையும் காரணமாகலாம். எனவே உங்கள் தொழிலையும் குடிநீர் ஆதாரத்தையும் மருத்துவரிடம் தெரிவியுங்கள். தைராய்டு, இரத்த ஈய அளவு ஆகியவற்றைப் பரிசோதிக்க வேண்டுமா என அவர் முடிவு செய்வார்.

ஒரு விந்தணு உருவாக ஏறத்தாழ இரண்டரை மாதங்கள் ஆகும். ஆகவே, பாதுகாப்பு நடைமுறைகளின் பயன் தெரிய மூன்று மாதங்களாவது பொறுத்திருக்க வேண்டும். ஆலோசனைக்கு அரசு மருத்துவமனையை அணுகலாம். 104 என்ற எண்ணையும் அழைக்கலாம்.