கணினி – பிஎல்சி இணைப்பு மென்பொருள்

தொழிற்சாலை இயந்திரங்களை ஓட்டும் பிஎல்சி எனப்படும் நிரல்வழிக் கட்டுப்படுத்திக்கும் மேசைக் கணினிக்கும் இடையே தரவைக் கொண்டுசெல்லும் மென்பொருள். பிஎல்சியின் நினைவகத்திலுள்ள வெப்பநிலை, அழுத்தம், மோட்டாரின் நிலை போன்ற மதிப்புகளைப் படித்துத் திரைக்கும் அறிக்கைக்கும் தருவது, கணினியிலிருந்து வரும் கட்டளையைப் பிஎல்சியில் எழுதுவது, பிஎல்சிக்கான நிரலை ஏற்றி இறக்குவது ஆகியவை இதன் வேலைகள். டிரைவர், கம்யூனிகேஷன் சர்வர், ஓபிசி சர்வர் என்று பெயர் இடத்துக்கு இடம் மாறும். கட்டுப்பாட்டறையில் வண்ணப் படங்களாகக் கண்ணில் படுவது ஸ்காடா மென்பொருள். அதன் பின்னால் ஓடுவது இது. இது நின்றுவிட்டால் திரையில் எண்கள் உறைந்துவிடும், அல்லது எண் இருந்த இடத்தில் கேள்விக்குறிகள் தோன்றும். இயந்திரங்களோ பிஎல்சியின் பொறுப்பில் தொடர்ந்து ஓடும்.

தோற்றம்

1968இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஹைட்ராமாடிக் பிரிவு, ரிலேக்கள் நிறைந்த பேனல்களுக்கு மாற்றாக ஒரு மின்னணுக் கருவியைத் தேடியது. கார் மாதிரி மாறும்போதெல்லாம் பேனலின் கம்பிகளைப் பிரித்து மறுபடி கட்ட வேண்டியிருந்ததே காரணம். மாசசூசெட்ஸிலிருந்த பெட்ஃபோர்ட் அசோசியேட்ஸில் ரிச்சர்ட் மோர்லியின் குழு உருவாக்கிய கருவிக்கு, அது அந்நிறுவனத்தின் 84ஆம் திட்டம் என்பதால், 084 என்று பெயர் வைத்தார்கள். மோடிகான் என்ற நிறுவனம் இதிலிருந்து பிறந்தது. பிஎல்சியின் தந்தை என்று மோர்லியையே பெரும்பாலான நூல்கள் சொல்கின்றன. ஆலன்-பிராட்லியின் ஓடோ ஸ்ட்ரூகருக்கு அப்பெருமையைத் தருவோரும் உளர். டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் பிடிபி-14 ஏறத்தாழ அதே காலத்தில் வந்ததால், எது முந்தியது என்பதை எதைப் பிஎல்சி என்று கொள்கிறோம் என்பதைப் பொறுத்தே சொல்ல முடியும்.

தொடக்கத்தில் பிஎல்சிக்கு நிரல் எழுத, அதை விற்ற நிறுவனமே செய்த தனிப் பெட்டி ஒன்று வேண்டியிருந்தது. 1981இல் ஐபிஎம் பிசி வந்தபின், பிஎல்சி நிரலான லேடர் படத்தை டாஸ் திரையில் வரையும் மென்பொருள்கள் அந்தப் பெட்டியின் இடத்தை மெல்லப் பிடித்தன. சீமென்ஸ் மட்டும் ஸ்டெப் 5 மென்பொருளைத் தன் சொந்த நிரலாக்கக் கருவியிலேயே நெடுங்காலம் ஓட்டியது. ஆலன்-பிராட்லியின் டேட்டா ஹைவே பிளஸ் வலைக்குள் நுழைய, கணினியின் உட்பலகையில் 1784-கேடி என்னும் அட்டையைச் செருக வேண்டும். கேபிள், அட்டை, மென்பொருள் மூன்றும் ஒரே நிறுவனத்தினுடையதாக இருந்தால்தான் இணைப்பு கிடைத்த காலம் அது.

மாட்பஸ்

1979இல் மோடிகான் தன் கட்டுப்படுத்திகளுக்காக வெளியிட்ட மாட்பஸ் நெறிமுறை, இத்துறையில் மிக நீண்ட ஆயுள் கண்டது. மோடிகான் இதன் விவரத்தை மறைக்காமல் வெளியிட்டதும், யாரும் இதைக் கட்டணமின்றிப் பயன்படுத்த முடிந்ததும் காரணங்கள். ஒரு கணினி தலைமை ஏற்று வரிசையாகக் கேள்வி கேட்கும். 1 முதல் 247 வரை எண் பெற்ற கருவிகளில் எந்த எண் அழைக்கப்படுகிறதோ அது மட்டும் பதில் சொல்லும். கேள்வியில் கருவியின் எண், செய்ய வேண்டிய வேலையின் குறியீடு, தொடக்கப் பதிவேடு, எத்தனை பதிவேடு வேண்டும் என்பது, இறுதியில் பிழை சோதிக்கும் இரண்டு பைட்டுகள் ஆகியவை இருக்கும். மொத்தம் எட்டே பைட்டுகள். இவ்வளவு சிறிய கேள்விக்குள் ஒரு தொழிற்சாலையின் நிலையைக் கேட்டறிய முடிவது, இன்று பார்த்தாலும் அழகான வடிவமைப்பு.

பதிவேடு ஒன்றுக்கு 16 பிட். ஒரு கேள்வியில் அதிகபட்சம் 125 பதிவேடுகளைப் படிக்கலாம். நொடிக்கு 9,600 பிட் வேகத்தில் அந்தப் பதில் முழுவதும் வந்துசேர ஏறக்குறைய 0.3 நொடி ஆகும். ஆகவே நல்ல இணைப்பு மென்பொருளின் திறமை, கேட்கும் வேகத்தைவிடக் கேட்கும் முறையிலேயே தெரியும். திரைக்குத் தேவையான நூறு மதிப்புகளை நூறு முறை கேட்காமல், அருகருகே உள்ளவற்றைச் சேர்த்து ஓரிரு கேள்விகளில் வாங்கிவிடும். வேகமாக மாறும் அழுத்தத்தை அடிக்கடியும், மெதுவாக மாறும் தொட்டி மட்டத்தை எப்போதாவதும் கேட்கும்.

பொறியாளர்களின் மாலை நேரங்களை விழுங்கிய நுணுக்கங்களும் மாட்பஸில் உண்டு. கையேட்டில் 40001 என்று அச்சிட்டிருக்கும் பதிவேடு, கம்பியில் செல்லும்போது 0 என்ற எண்ணோடு செல்லும். ஒரு மென்பொருள் கையேட்டு எண்ணையும் இன்னொன்று கம்பி எண்ணையும் எதிர்பார்க்கும்போது, படித்த ஒவ்வொரு மதிப்பும் பக்கத்துப் பதிவேட்டினுடையதாக இருக்கும். தசம எண் 32 பிட் என்பதால் இரண்டு பதிவேடுகளில் உட்கார வேண்டும். எந்தப் பாதி முன்னால் என்பதை மாட்பஸ் வரையறுக்கவில்லை. அதனால்தான் இன்றைய டிரைவர்களிலும் சொற்களை மாற்றிப்போடும் ஒரு தேர்வுப் பெட்டி இருக்கிறது. 1999இல் ஈதர்நெட் வழியே செல்லும் மாட்பஸ் டிசிபி வந்தது. அதற்கான 502ஆம் போர்ட் எண்ணைத் தானியக்கத் துறையில் அறியாதார் குறைவு. 2004இல் நெறிமுறையின் உரிமை மாட்பஸ் அமைப்புக்கு மாறியது.

டிடிஇயிலிருந்து ஓபிசி வரை

இத்துறையின் வரலாற்றில் மிக விரிவாகப் பதிவாகியிருப்பது 1980-களின் இறுதி முதல் 2000-களின் தொடக்கம் வரையான காலம். விண்டோஸில் இரு மென்பொருள்கள் தரவைப் பகிர்ந்துகொள்ள மைக்ரோசாஃப்ட் டிடிஇ என்னும் வழியைத் தந்திருந்தது. 1987இல் கலிபோர்னியாவில் தொடங்கப்பட்ட வொண்டர்வேர் நிறுவனம், விண்டோஸில் ஓடும் இன்டச் என்ற இயக்குநர் திரையை இதன்மேல் கட்டியது. தொழிற்சாலையில் விண்டோஸா என்று பலர் தயங்கிய காலம். ஆனால் இதனால் வந்த எளிமை பெரிது. எக்செல் கட்டம் ஒன்றில் சர்வரின் பெயர், தலைப்பு, உருப்படி ஆகிய மூன்றையும் எழுதினால் போதும்; கொதிகலனின் வெப்பநிலை அந்தக் கட்டத்தில் மாறிக்கொண்டே இருக்கும். நிரல் எழுதத் தெரியாத ஷிஃப்ட் மேற்பார்வையாளரும் தன் அறிக்கையைத் தானே செய்துகொள்ள முடிந்தது. தொழிற்சாலைத் தரவு அலுவலக மேசைக்கு இவ்வளவு எளிதாக வந்தது அதுவே முதல்முறை எனலாம்.

டிடிஇயின் குறை வேகம். மதிப்புகள் பெரும்பாலும் எழுத்துச் சரங்களாக, ஒன்றன்பின் ஒன்றாகச் சென்றன. வொண்டர்வேர் ஃபாஸ்ட் டிடிஇ என்றும், ராக்வெல் அட்வான்ஸ் டிடிஇ என்றும் தத்தம் வேகமான வடிவங்களைக் கொண்டுவந்தன. ஒன்றின் வடிவம் மற்றொன்றுக்குப் புரியவில்லை.

இதைவிடப் பெரிய சிக்கல் டிரைவர்களின் எண்ணிக்கை. சந்தையில் பத்து ஸ்காடா மென்பொருள்களும் பத்து வகைப் பிஎல்சிகளும் இருந்தால், ஒவ்வொரு இணைக்கும் ஒன்றாக நூறு டிரைவர்கள் எழுத வேண்டும். நடுவே பொதுவான ஓர் இடைமுகம் இருந்தால் இருபது போதும். இந்தக் கணக்குதான் ஓபிசி பிறக்கக் காரணம். ஃபிஷர்-ரோஸ்மவுண்ட், இன்டெல்யூஷன், ஆப்டோ 22, ராக்வெல் சாஃப்ட்வேர் உள்ளிட்ட நிறுவனங்கள் 1995இல் கூடிப் பணிக்குழு அமைத்தன. மைக்ரோசாஃப்டின் ஓஎல்இ, காம் தொழில்நுட்பங்களின்மேல் கட்டிய முதல் வரையறை ஆகஸ்ட் 1996இல் வெளியானது. சந்தையில் ஒருவரோடொருவர் போட்டியிட்ட நிறுவனங்கள் ஒரே ஆண்டளவில் இத்தகைய உடன்பாட்டுக்கு வந்தது, தானியக்க வரலாற்றில் பாராட்டத்தக்க நிகழ்ச்சி.

ஓபிசி தரும் ஒவ்வொரு மதிப்போடும் இரண்டு துணைகள் வரும்: அது எந்த நேரத்து மதிப்பு, எவ்வளவு நம்பத்தக்கது. நம்பகத்தைச் சுட்டும் எண் 192 என்றால் மதிப்பு நல்லது. கேபிள் அறுந்தால் பழைய மதிப்பு திரையில் நிற்கலாம். ஆனால் அந்த எண் மாறிவிடும். 75 டிகிரி என்ற எண் சரியானதா, ஒரு மணி நேரத்துக்கு முன் உறைந்துபோனதா என்று இயக்குநர் அறிய இதனால் வழி பிறந்தது. இதற்கு முந்திய டிரைவர்கள் பலவற்றில் அந்த வழி இல்லை. ஓபிசி கொண்டுவந்த மாற்றங்களில் இதையே முதலில் வைக்க வேண்டும். மதிப்பு குறிப்பிட்ட அளவுக்கு மேல் மாறினால் மட்டும் தெரிவிக்கும் வசதியும் இதில் இருந்ததால் வலைச்சுமை குறைந்தது. எண்ணற்ற பிஎல்சிகளுக்கு ஒரே சர்வரில் டிரைவர் எழுதி விற்பதையே தொழிலாகக் கொண்ட நிறுவனங்கள் தோன்றின. 1995இல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் தொடங்கப்பட்ட கெப்வேர் அவற்றுள் பரவலாக அறியப்பட்டது.

ஒரே கணினிக்குள் ஓபிசி நன்றாக ஓடியது. இரு கணினிகளுக்கு இடையே ஓட டிகாம் என்னும் அடுக்கு வேண்டும். துன்பம் அங்கேதான் தொடங்கியது. இரு கணினிகளிலும் ஒரே பயனர் பெயரும் கடவுச்சொல்லும் இருக்க வேண்டும். உரிமைகளைப் பல சாளரங்களில் தனித்தனியே திறந்துவிட வேண்டும். 135ஆம் போர்ட்டோடு, முன்கூட்டி அறிய முடியாத வேறு போர்ட்டுகளையும் ஃபயர்வால் அனுமதிக்க வேண்டும். தொடர்பு அறுந்ததை உணர டிகாம் சில நிமிடங்கள்கூட எடுத்துக்கொள்ளும். 2004இல் விண்டோஸ் எக்ஸ்பியின் இரண்டாம் சர்வீஸ் பேக் டிகாமின் இயல்பு அமைப்புகளை இறுக்கியபோது, அதை நிறுவிய கணினிகளில் இணைப்புகள் நின்றன. ஓபிசி அமைப்பே அதற்கென வழிகாட்டி வெளியிட வேண்டியதாயிற்று.

இந்தியாவும் திருவனந்தபுரமும்

இந்தியாவில் 1984ஆம் ஆண்டின் கணினிக் கொள்கை தனிக்கணினிகளின் இறக்குமதியை எளிதாக்கியது. 1991க்குப் பின் அயல்நாட்டுப் பிஎல்சிகளும் ஸ்காடாக்களும் தடையின்றி வந்தன. கோவை, ஓசூர், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளில் இவை பரவின.

இந்த அலைக்கு வெகு முன்பே கேரளம் வேறொரு பாதையில் முயன்றது. அச்சுத மேனன் முதலமைச்சராக இருந்தபோது, 1973இல் திருவனந்தபுரத்தில் கெல்ட்ரான் என்னும் மாநில மின்னணு வளர்ச்சிக் கழகம் தொடங்கப்பட்டது. இந்தியாவில் மாநில அரசொன்று மின்னணுத் துறைக்கென நிறுவிய முதல் கழகம் இதுவே என்பர். கண்ணூர்க்காரரான கே. பி. பி. நம்பியார் இதன் சிற்பி. கெல்ட்ரான் என்றதும் பலருக்கு நினைவில் வருவது தொலைக்காட்சிப் பெட்டி. ஆலப்புழை மாவட்டத்து அரூரில் இருந்த அதன் கட்டுப்பாட்டுக் கருவிப் பிரிவு அந்த அளவு பேசப்படவில்லை.

1974இல் கெல்ட்ரானின் ஆய்வுப் பிரிவாக மின்னணு ஆய்வு வளர்ச்சி மையம் தொடங்கியது. 1988இல் நடுவண் அரசின் மின்னணுத் துறை இதை ஏற்றுக்கொண்டது. டிசம்பர் 2002இல் புனேயைத் தலைமையிடமாகக் கொண்ட சி-டாக் நிறுவனத்தோடு இணைந்தது. பரம் மீக்கணினியால் பெயர்பெற்ற சி-டாக்கில், கட்டுப்பாட்டுக் கருவியியலும் மின்திறன் மின்னணுவியலும் திருவனந்தபுரக் கிளையின் அடையாளங்களாயின. தொழிலகத் தானியக்கத் தொழில்நுட்பத்தை உள்நாட்டிலேயே வளர்க்கும் அஸ்டெக் திட்டமும், மின்திறன் மின்னணுவியலுக்கான நாம்பெட் தேசியத் திட்டமும் இக்கிளையைச் சார்ந்து நடந்தன. தெருச் சிக்னல் கட்டுப்படுத்திகளை மையக் கணினியோடு இணைக்கும் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் இங்கே உருவானது. களத்தில் கட்டுப்படுத்தி, நடுவில் தொடர்பு, அறையில் கணினி என்ற அதே அமைப்பை நாற்சந்திகளில் காண்பது, இதைப் படிக்கும் மாணவருக்கு நல்ல பாடம். கெல்ட்ரானின் தலைமை அலுவலகமும் சி-டாக்கின் கிளையும் இன்றும் வெள்ளயம்பலம் பகுதியிலேயே இருக்கின்றன.

திருவாங்கூர் டைட்டானியம், ஹிந்துஸ்தான் லேடெக்ஸ் போன்ற ஆலைகள் இருந்தபோதிலும் திருவனந்தபுரம் பெரிய தொழில்நகரமன்று. 1990இல் தொடங்கிய டெக்னோபார்க்கும் பெரும்பாலும் வணிக மென்பொருளின் பக்கமே வளர்ந்தது. கேரளத்தில் இத்துறை வேரூன்றிய மற்றோர் இடம் பயிற்சிக்கூடங்கள். வளைகுடா நாடுகளின் எண்ணெய், நீர்சுத்திகரிப்பு ஆலைகளை நோக்கும் டிப்ளமோ, பொறியியல் பட்டதாரிகளுக்காகத் திருவனந்தபுரத்திலும் கொச்சியிலும் பிஎல்சி–ஸ்காடா வகுப்புகள் நடக்கின்றன. ஆலன்-பிராட்லி அல்லது சீமென்ஸ் பிஎல்சியை இன்டச் திரையோடு இணைத்து, திரையில் ஒரு பொத்தானை அழுத்தினால் மேசைமேல் விளக்கு எரியச் செய்வது இவ்வகுப்புகளில் வழக்கமான முதல் பயிற்சி.

திறந்த நூலகங்களும் ஸ்டக்ஸ்நெட்டும்

சீமென்ஸின் நெறிமுறைகள் நெடுங்காலம் வெளியிடப்படவில்லை. கம்பியில் செல்லும் பைட்டுகளைப் பிடித்துப் பார்த்தே அவற்றைப் புரிந்துகொண்டவர்கள் எழுதிய லிப்நோடேவ் என்னும் நூலகம், சீமென்ஸிடம் விலை கொடுத்து வாங்க வேண்டிய புரோடேவ் நூலகத்துக்கு மாற்றானது. இத்தாலியின் டாவிடே நார்டெல்லா எழுதிய ஸ்னாப்7 பின்னர் பரவியது. பைத்தான் தெரிந்த கல்லூரி மாணவர் 102ஆம் போர்ட் வழியே ஒரு சீமென்ஸ் பிஎல்சியைப் படிக்க இன்று இவை எளிய வழி.

2010இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்னும் தீநிரல், இணைப்பு மென்பொருளைப் பொதுச் செய்தியாக்கியது. சீமென்ஸின் ஸ்டெப் 7 மென்பொருள் பிஎல்சியோடு பேசப் பயன்படுத்தும் ஒரு நூலகக் கோப்பின் இடத்தில் அது தன் கோப்பை வைத்தது. அதிலிருந்த 109 செயற்கூறுகளில் 93ஐ அப்படியே மூலக்கோப்புக்கு அனுப்பிவிட்டு, 16ஐ மட்டும் இடைமறித்தது. பிஎல்சியில் எழுதப்பட்ட தீய நிரல், அதைத் திறந்து பார்த்த பொறியாளருக்குத் தெரியாமல் போனது. இலக்கு ஈரானின் யுரேனியச் செறிவூட்டல் மையம் என்று பரவலாகக் கருதப்படுகிறது; யார் செய்தது என்பது அதிகாரபூர்வமாக ஒப்புக்கொள்ளப்படவில்லை. தொற்றிய கணினிகளின் எண்ணிக்கையில் ஈரான், இந்தோனேசியாவை அடுத்து இந்தியா மூன்றாவதாக இருந்தது என்று கணினிப் பாதுகாப்பு நிறுவனமான சைமன்டெக் குறிப்பிட்டது.

அண்மைக்காலம்

டிகாமை விட்டு விலகிய ஓபிசி யுஏ, 2000-களின் இறுதியில் வந்தது. விண்டோஸ் இல்லாமலும் ஓடும். சான்றிதழ் கொண்டு இரு தரப்பையும் சரிபார்க்கும். 4840 அதன் போர்ட். சீமென்ஸ் எஸ்7-1500 போன்ற பிஎல்சிகள் இதன் சர்வரைத் தமக்குள்ளேயே வைத்திருப்பதால், நடுவே ஒரு கணினி வேண்டிய தேவை குறைந்துவருகிறது. மார்ச் 2023இல் மைக்ரோசாஃப்ட் டிகாம் பாதுகாப்பைக் கட்டாயமாக்கியபின் பழைய ஓபிசி இணைப்புகள் பலவற்றைத் திருத்த வேண்டிவந்தது. எண்ணெய்க் குழாய்களைக் கண்காணிக்க 1999இல் வகுக்கப்பட்ட எம்க்யூடிடி நெறிமுறை, தரவை மேகக் கணினிக்கு அனுப்பும் ஆலைகளில் இடம்பெறுகிறது. மாட்பஸ் இன்றும் புதிய மின்மானிகளிலும் மோட்டார் டிரைவ்களிலும் வருகிறது.